பின்

இந்த ஊரின் பெயர் பின்.
நான் வைத்ததல்ல.
சுவிஸ் வரைபடத்தில், வாலிஸ் மாநிலத்தில்,
இத்தாலிக்கு முதுகு காட்டிக்கொண்டு
அப்படித்தான் கிடக்கிறது.
"வேலை, பின்" என்று முகாமில் ஒருத்தி கடிதம் தந்தபோது
பிறகு தருவார்களாக்கும் என்று
இரண்டு கிழமை காத்திருந்தேன்.

விடுதிச் சமையலறையில் குவளை கழுவுகிறேன்.
சுவரில் ஒரு சதுர ஓட்டை.
அதன் வழியே எச்சில் தட்டுகள் வரும்,
கூடவே புளுகுகளும் வரும்.

சன்னலோர மேசையில் நான்கு பேர்.
பளிங்குக்கல்லுக்காக மலையைக் குடைகிறவர்கள்.
முன்பு அல்புறூன் கணவாயால்
மூட்டை மூட்டையாய்க் கோப்பி கடத்தியவர்கள்.
மேசைக்கு ஒரேயொரு சட்டம்: சிரிக்கக் கூடாது.
ஒருவன் நிறுத்தினால் அடுத்தவன்
முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு
"உன்ட் தே?" என்று கேட்கவேண்டும்.
எங்கள் பாஷையில், பின்?

ஐப்பசியில் அம்புரோஸ் தன் நாயைக் கூப்பிட்டானாம்.
எதிரொலி வரவில்லை. மலை அதை வைத்துக்கொண்டது.
தையில் நாய் செத்து, தோட்டத்தில் புதைத்தார்களாம்.
சித்திரையில், பனி இளக,
எதிரொலி வந்து சேர்ந்தது.
குழிக்கு மேலே மண் அசைந்ததாம்,
வால் இருக்கிற பக்கம்.

உன்ட் தே?

கமில் குவளையைத் துடைத்து வைத்தான்.
சுங்கக்காரன் துரத்த, பனிக்குள்
தொண்ணூறு கிலோ கோப்பியைப் புதைத்தானாம்.
வெயில் வந்தது. ஓடை கறுப்பாய் ஓடியது.
குடித்த பசுக்கள் ஒன்பது நாள் கண் மூடவில்லை,
கறந்தால் கோப்பி, பாலும் அளவாய்.
சீனி மட்டும், என்றான், நாங்கள்தான் போட்டோம்.

இதில் பாதிதான் எனக்கு விளங்கும்.
மீதியை நானே நிரப்புகிறேன்.
யார் புளுகு எதுவென்று
என்னிடம் கேளாதீர்கள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள்.
தியோடுலின் கதைக்கு இது எட்டாவது பனிக்காலம்.
வெடிப்புக்குள் கல் தேடி இறங்கினான்.
கயிறு மட்டும் மேலே வந்தது.
அன்றிலிருந்து இந்த நால்வரும்
அந்தக் கயிற்றைத்தான் திரிக்கிறார்கள்.
மலைக்குள்ளாலேயே நடந்து மறுபக்கம் ஏறினானாம்,
தோளில் நாற்பது கிலோ புகைப்பளிங்கு,
இத்தாலியில் ஒரு பாதிரியாரிடம்
விலை பேசிக்கொண்டிருக்கிறானாம்,
பாதிரியார் இன்னும் இறங்கி வரவில்லையாம்.

அப்போதுதான் கதவு திறந்தது.
கிரெசென்ஸ். தபால் பேருந்து ஓட்டுபவள்.
தியோடுலின் மனைவி.
விதவை என்று எந்தத் தாளிலும்
அவள் இதுவரை எழுதவில்லை.

நான்கு பேரும் குவளைக்குள் பார்த்தார்கள்.
அவள் கையுறையைக் கழற்றவில்லை.
நின்றபடியே சொன்னாள்:
"நாற்பது இல்லை, அறுபது.
அவன் சுமக்கவும் மாட்டான், சோம்பேறி.
மலையாடுகளைப் பிடித்து
அதுகளின் கொம்பில் கட்டியிருப்பான்."

யாரும் சிரிக்கவில்லை. சட்டம்.
ஆனால் யாரும் கேட்கவும் இல்லை.
அம்புரோஸின் வாய் திறந்து மூடியது.
அடுப்பில் விறகு ஒன்று புரண்டது.
கதை அந்தரத்தில் தொங்கிற்று,
கீழே பிடிக்க ஒரு கை இல்லாமல்.

ஓட்டைக்குள் தலையை நீட்டி,
சவர்க்கார நுரை முழங்கை வரை வழிய,
நான் கேட்டேன். அவசரத்தில் தமிழ் வந்துவிட்டது.
"பின்?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.
"ஓம்" என்பதுபோல் தலையசைத்தாள்.
"பின்னுக்குத்தான். வேறெங்கே வருவான்?
பாதையில் பனி. ஆடுகளும் மெதுவாகத்தான் நடக்கும்."

ஒரு கோப்பி குடித்தாள், காசை வைத்தாள்.
காலை ஆறு பத்துக்கு அவளுடைய பேருந்து.
எட்டு வருடத்தில்
ஒரு நாளும் அது பிந்தியதில்லை.